பந்துக்குள் பந்து

ஆறு நாற்பது வண்டி என்று யாராவது சொன்னால் போதும், என் மனசு இப்போதும் அந்த லேடீஸ் பெட்டிக்குப் போய்விடும். மீஞ்சூரில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்க அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும். பதினெட்டு வருஷம் அந்த அரை மணியை நான் வண்டியின் தரையில்தான் கழித்தேன். சீட் கிடைக்காமல் இல்லை. காலையில் சென்னையை விட்டு வெளியே போகிற வண்டி அது, லேடீஸ் பெட்டியில் பாதி சீட் சும்மாவே கிடக்கும். ஆனாலும் நாங்கள் ஆறு பேரும் இரண்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் பழைய பேப்பரை விரித்து, சம்மணம் போட்டு வட்டமாக உட்காருவோம்.

நடுவில் நாஷ்டா டப்பாக்கள் திறந்து கிடக்கும். எவள் டப்பாவில் எவள் கை என்று யாரும் பார்த்ததில்லை. ஆறு பேருக்கும் வேறு வேறு கம்பெனி. ஒருத்தி பிளாஸ்டிக் வாளி செய்கிற இடம், ஒருத்தி அட்டைப்பெட்டி செய்கிற இடம். வட்டத்திலேயே வாய் நீளமானவள் பொன்னேரியில் ஏறுவாள். பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவள் என்பதால் அவளுக்கு ஆரணிக்காரி என்றே பெயர்.

"இன்னாக்கா, சீட்டு இம்மாம் காலியா கீது, கீழ குந்திக்கினு கீறீங்க?" என்று புதிதாக ஏறுகிற பெண்கள் கேட்பார்கள்.

"சீட்ல குந்தினா எதிர்ல கீறவ மூஞ்சிதான் தெரியும். இங்க குந்தினா அஞ்சு மூஞ்சியும் தெரியுது. நீயும் வேணா வா, ஆனா சும்மா வராத, சட்னி எடுத்துக்கினு வா" என்பாள் ஆரணிக்காரி.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் புடவையின் பின்பக்கத்தைப் பட்பட்டென்று தட்டிக்கொள்வோம். பிளாட்பாரத்தில் டீ விற்கிறவர், "வந்துட்டாங்கப்பா, தூசி கம்பெனி" என்று கிண்டல் செய்வார். மானங்கெட்ட கிண்டல்தான். இப்போது அதைக் கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

நான் வேலை செய்கிற இடத்தில் லாரி ஸ்டியரிங்குக்குப் போகிற பால் ஜாயிண்ட் செய்கிறார்கள். ஒரு இரும்புக் கிண்ணம், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் மெத்தை, அதற்குள் காம்போடு ஒரு எஃகுப் பந்து. அவ்வளவுதான் சாமான். கடைசி செக்கிங் என்னுடையது. காம்பைப் பிடித்து நாலு பக்கமும் சாய்த்துப் பார்ப்பேன். பந்து லொடலொடவென்று ஆடினால் ரிஜெக்ட். இறுகிப் பிடித்துக்கொண்டாலும் ரிஜெக்ட். காம்பு போய்க் கிண்ணத்தின் விளிம்பில் இடிப்பதற்குள் எவ்வளவு தூரம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். என் கைக்கு அது அத்துப்படி. தூக்கத்தில் கொடுத்தாலும் நல்லது எது, கெட்டது எது என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் வேலையில் இன்னொரு பாடமும் உண்டு. சாமான் வாங்குகிற கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை ஆடிட் வரும். அதற்கு முதல் நாள் சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பாடம் எடுப்பார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதுவும் ஒளறாத. அவரு இன்னா கேக்க ஆசப்படறாரோ அத்தச் சொல்லு." ஒரு தடவை ஒரு புதுப்பெண் வெள்ளந்தியாக, "அளவு பாக்கற கேஜ் சிக்கிக்கினா சுத்தியால ஒரு தட்டு தட்டுவோம் சார்" என்று சொல்லிவிட்டாள். அனுப்பின சாமான், மொத்த லாட்டும் திரும்பி வந்துவிட்டது. ஒரு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து மறுபடி செக்கிங் செய்தோம். அதிலிருந்து, கையில் பேனா வைத்துக்கொண்டு யார் கேள்வி கேட்டாலும் எங்கள் வாய் தானாகவே நல்ல பதிலைச் சொல்லிவிடும்.

முடக்குவாதம் எனக்கு முப்பத்தெட்டு வயதில் வந்தது. முதலில் விரல், அப்புறம் மணிக்கட்டு. மாத்திரைக்கு அதெல்லாம் அடங்கியது. இடது இடுப்பு மட்டும் என்னை மாதிரியே, யார் சொல்லியும் கேட்கவில்லை. நாற்பத்தாறில் தரையிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நாற்பத்தேழில் உட்காரவே முடியவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவேன். கீழே வட்டம் நடக்கும், நான் மேலே இருந்து வேடிக்கை பார்ப்பேன். ஆரணிக்காரி இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து மேலே நீட்டுவாள்.

"கோயில் யானைக்குக் குடுக்கற மாரி குடுக்காதடி" என்பேன்.

"யானை ஆசீர்வாதமாச்சும் பண்ணும். நீ இன்னா பண்றே? சும்மா தின்னுக்கினே கீற. போய் ஆபரேசன் செஞ்சிக்கினு வாக்கா. உன் எடத்துல எவளயும் குந்த வுட மாட்டோம்."

சொன்னபடியே வட்டத்தில் என் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார்கள். பேப்பர்கூட விரித்திருப்பார்கள். அந்தப் பேப்பரைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் ஆபரேசனுக்கு ஒத்துக்கொண்டேன். வலி போக வேண்டும் என்பதெல்லாம் இரண்டாவதுதான். எனக்குக் கீழே உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

காக்களூரில் தம்பி வீடு இருந்ததால் திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம், நானும் வீட்டுக்காரரும். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, "எலும்போட எலும்பு உரசுதும்மா. நடுவுல ஒண்ணுமே மிச்சம் இல்ல. மாத்திடறதுதான் வழி" என்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து மாதிரிச் சாமான்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார்.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிண்ணம், அதற்குள் பிளாஸ்டிக் மெத்தை, காம்பு, காம்பின் தலையில் பந்து. கை சும்மா இருக்குமா? எடுத்து மாட்டி நாலு பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டேன்.

"இது எங்க கம்பெனி சாமானாச்சே சார்!"

டாக்டரும் சிரித்துவிட்டார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, பக்கத்தில் வேலை செய்கிற ஆளிடம் பேசுவது போலவே பேசினார். எஃகுப் பந்து உழைக்கும், ஆனால் பிளாஸ்டிக் மெத்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். பீங்கான் பந்து வழவழப்பு, மெத்தை அவ்வளவு சீக்கிரம் தேயாது. பந்தும் கிண்ணமும் இரண்டுமே பீங்கானாகப் போட்டால் இன்னும் தேய்மானம் குறைவு, ஆனால் சிலருக்கு நடக்கும்போது கீச்சென்று சத்தம் வரும். எலும்பில் சிமெண்ட் வைத்து ஒட்டுவதா, சொரசொரப்பான காம்பைப் போட்டு எலும்பே பிடித்துக்கொள்ள விடுவதா என்பதை, மாத்திரை தின்ற எலும்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று உள்ளே பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பெருசா ஒரு பந்து போடுங்க சார். காம்பு வெளிம்புல இடிக்காம நெறைய சாயும்" என்றேன்.

"கரெக்டுதான். ஆனா உங்க இடுப்புக் கிண்ணம் சின்னதும்மா. பந்து பெருசானா மெத்தை மெலிசாயிடும். சீக்கிரம் தேஞ்சிடும்."

எங்கள் கம்பெனியிலும் அதே தகராறுதான்.

கடைசியாக ஒன்றை எடுத்தார். சின்னப் பந்து ஒன்று பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் உட்கார்ந்திருந்தது, அந்தப் பெரிய பந்து கிண்ணத்துக்குள். பந்துக்குள் பந்து. சாய்த்துப் பார்த்தேன். முதலில் உள்பந்து சுழன்றது. அது போதாமல் போனபோது வெளிப்பந்தும் சேர்ந்து சுழன்றது. அடேயப்பா, இத்தனை வருஷத்தில் இவ்வளவு தூரம் சாய்கிற ஜாயிண்டை நான் பார்த்ததில்லை. கையிலிருந்து கீழே வைக்கவே மனசு வரவில்லை.

"அது நல்லா மடங்கும், சீக்கிரம் நழுவாது. வயசானவங்களுக்கு நிறையப் போடறேன். உங்களுக்கு நாப்பத்தேழுதான் ஆகுது. இன்னும் முப்பது வருஷம் ஓடணும். அவ்வளவு நாளைக்கு அது எப்படி உழைக்கும்னு எனக்கு அத்தன நிச்சயமா சொல்லத் தெரியாது. அதனால உங்க வாழ்க்கைக்கு எது வேணும்னு பாத்துதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார்.

பேனாவை எடுத்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

"தரையில உக்கார்ற பழக்கம் உண்டா? சம்மணம் போடறது, குத்த வெச்சு உக்கார்றது?"

"இல்ல சார். எப்பவும் சேர்தான் சார்."

சட்டென்று வந்துவிட்டது. இடுப்பு விடுகிற வரைக்கும் வீட்டில் தின்றது தரையில், காய் நறுக்கியது தரையில், பதினெட்டு வருஷம் வண்டியில் வந்தது தரையில். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தரை என்று சொன்னால், இந்தம்மாவுக்கு ஆபரேசன் சரிப்படாது என்று ஃபைலை மூடிவிடுவாரோ, மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். நான் அவர் காலை மேஜைக்கு அடியில் மிதித்தேன். மனுஷன் உடனே, "ஆமா சார், ஊட்ல நாலு சேர் கீது" என்றார். நாலு சேர்! இருந்தது ஒன்று, அதிலும் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கும்.

"அப்போ நல்லது. பீங்கான் பந்தும் கனமான மெத்தையும் போட்டுடலாம். ரொம்ப நாள் உழைக்கும்" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். ஆடிட்டில் பாஸான சந்தோஷத்தோடு நான் வெளியே வந்தேன்.

ஆபரேசன் நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நடந்தபோது, ஒன்பது வருஷமாக என்னோடு குடியிருந்த வலியைக் காணோம். அழுதுவிட்டேன். அந்த டாக்டர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குனியாதே, காலைக் குறுக்கே போடாதே, தாழ்வான இடத்தில் உட்காராதே என்று உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் ஒரு பட்டியலே சொன்னாள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஆறு வாரம் காக்களூரில் தம்பி வீட்டில் கிடந்தேன். உயரமான கட்டில், உயரமான நாற்காலி, எல்லாமே உயரம். அங்கேயும் காலையில் ரயில் சத்தம் கேட்கும், தொழிற்பேட்டைக்கு ஆட்கள் சைக்கிளிலும் பைக்கிலும் போவார்கள். ஆனால் அது எங்கள் லைன் இல்லை. அரக்கோணம் போகிற வண்டி. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இந்நேரம் நம்ம வண்டி அனுப்பம்பட்டு தாண்டியிருக்கும், இந்நேரம் பொன்னேரியில் ஆரணிக்காரி ஏறியிருப்பாள் என்று மனசு மட்டும் டிக்கெட் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் ஆரணிக்காரி போன் செய்து, போனை நடுவில் வைத்துவிடுவாள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பின்னால் வண்டி கடகடக்கும்.

"யக்கா, உன் எடத்துல ஊறுகா டப்பாவ குந்த வெச்சிருக்கோம். அது உன்னாட்டம் பேஜாரு பண்றதில்ல, கம்முனு கீது" என்பாள்.

"வர்றேன் இரு. வந்து ஊறுகாயும் உன்னையும் சேத்து வெளில தள்றேன்."

போனை வைத்த பிறகு தம்பி வீட்டுத் தரையைப் பார்ப்பேன். வழவழவென்று வெள்ளை டைல்ஸ். அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருக்கும். ஏங்கிப் போவேன்.

அந்த ஆறு வாரம் முடிந்ததும் டாக்டரைப் பார்க்கப் போனோம். நடக்கச் சொல்லிப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ச்சி. நான் ஆசை ஆசையாகக் கேட்டேன்.

"சார், ட்ரெயின்ல கீழ எப்ப குந்தலாம்?"

"கீழயா? ட்ரெயின்லயா?"

சொல்லிவிட்டேன். வட்டத்தை, பேப்பரை, டப்பாக்களை, ஊறுகாய் உட்கார்ந்திருக்கிற என் இடத்தை, எல்லாவற்றையும். அவர் ஃபைலைப் புரட்டி, தான் எழுதியதை இரண்டு தடவை படித்தார்.

"சேர்தான்னு சொன்னீங்களேம்மா?"

வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம்மா. ஆடற வண்டியில கீழ உக்காந்து எந்திரிச்சா பந்து நழுவிடும். இப்போன்னு இல்ல, எப்பவுமே வேண்டாம்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா சார்? அந்தப் பந்துக்குள்ள பந்து?"

அவர் ஃபைலை மூடி வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "அதைத்தான் போட்டிருப்பேன்னு சொல்ல முடியாதும்மா. போட்டிருந்தாலும் கீழ உக்காரலாம்னு எழுதிக் குடுத்திருக்க மாட்டேன். ஆனா யோசிச்சிருப்பேன். உங்களோட உக்காந்து பேசி, ரெண்டு பேருமா யோசிச்சிருப்போம்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆட்டோவில் வரும்போது வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாலு சேர் கீதுன்னு உன்ன எவன் சொல்லச் சொன்னான் என்றேன். நீதான் மிதிச்சே என்று அவர் சொல்லவில்லை. தோளைத் தட்டிக்கொடுத்தார், எனக்கு இன்னும் கோபம் வந்தது. கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்த ஜாயிண்டு அது. நல்லது எது, கெட்டது எது என்று தூக்கத்திலும் சொல்கிற கை இது. வாய்தான் கெடுத்துவிட்டது. சொல்லியிருந்தாலும் இதேதான் என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தால் ஆறிப்போயிருப்பேன். யோசித்திருப்போம் என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னை இன்றைக்கும் தூங்க விடுவதில்லை.

நாலு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். கம்பெனியில் உயரமான ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். முதல் நாள் ஆறு நாற்பது வண்டியில் ஏறியதும் கட்டிப்பிடித்து ஒரே அமர்க்களம். பொன்னேரியில் ஆரணிக்காரி ஏறி, ஊறுகாய் டப்பாவைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, "குந்துக்கா" என்றாள்.

"என்னால ஆவாதுடி. எப்பவுமே ஆவாதாம்."

விஷயத்தைச் சொன்னேன். ஆரணிக்காரி உடனே பேப்பரைச் சுருட்டி ஜன்னல் வழியாக வீசினாள். "எந்திரிங்கடி. எல்லாரும் மேல குந்துவோம்."

"அடிப் பாவிங்களா, நீங்க கீழயே குந்துங்க. நான் பக்கத்துல நின்னுக்கினு வர்றேன்."

"மறுபடியும் யானைக்குக் குடுக்கற மாரி குடுக்கணுமா? உனுக்கு இல்லாத தரை எங்களுக்கு இன்னாத்துக்கு?"

எதிரெதிர் சீட்டில் மூன்றும் மூன்றுமாக உட்கார்ந்தோம். பெற்ற பிள்ளைகள்கூட இப்படிச் செய்யாது. ஆனால் டப்பாக்களை வைக்க நடுவில் இடம் இல்லை. அவரவர் மடியில் அவரவர் டப்பா. முதல் வாரம் கைமாற்றிக் கைமாற்றி எட்டிக் கொடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் வேறு யாரோ நடுவில் வந்து உட்கார, இரண்டு பேர் அடுத்த வரிசைக்குப் போக வேண்டியதாயிற்று. மூலையில் உட்கார்ந்தவள் போனைப் பார்த்தாள். ஒருத்தி தூங்கிப் போனாள். ஒரு மாதத்தில் ஆரணிக்காரியே, அந்த வாயாடியே, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "உன் கூட குந்திக்கினு வர்றதே போதும்க்கா" என்பார்கள். கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் புடவையைத் தட்ட வேண்டிய வேலையே இல்லை. டீ விற்கிறவர் எங்களைப் பார்த்தும் ஒன்றும் சொல்வதில்லை.

நான் ஏங்கியது இந்தச் சீட்டுக்கு இல்லை. நான் வந்து உட்கார்ந்ததால்தான் அந்த வட்டம் கலைந்தது. கீழே போங்கடி என்று இரண்டு தடவை சண்டை போட்டுப் பார்த்தேன், நகரவில்லை.

போன மாதம் ஒரு நாள் காலையில் சீட்டில் வைத்தே சொன்னேன். "நாளையிலேர்ந்து கம்பெனி வேன் வருதுடி. ஆபரேசன் ஆனவளாச்சே, ஊட்டாண்டையே ஏத்திக்கினு போறாங்களாம்."

"நெஜமாவாக்கா?" ஆரணிக்காரி என் கண்ணையே பார்த்துக் கேட்டாள்.

"நெஜம்தான்." ஒரே வார்த்தை. அதற்கு மேல் எதுவும் உளறவில்லை.

வேனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதே ஆறு நாற்பதில்தான் வருகிறேன், லேடீஸ் பெட்டிக்கு அடுத்த பெட்டியில். நடுவில் ஒரு தடுப்பு, மேலே கம்பி வலை. தடுப்பை ஒட்டின சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். முதல் மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. நாலாவது நாள் பொன்னேரி தாண்டியதும் பேப்பர் விரிக்கிற சரசரப்பு கேட்டது. அப்புறம் டப்பா மூடிகள் கீழே விழுகிற சத்தம். யாருடைய சட்னியையோ ஆரணிக்காரி காறித் துப்பாத குறையாகத் திட்டினாள், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கவரைப்பேட்டை வரைக்கும் நானும் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எதிரில் இருந்த ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கும்மிடிப்பூண்டியில் அவர்கள் இறங்கிப் போகட்டும் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். ஐந்து பேரும் பிளாட்பாரத்தில் இறங்கி, ஒரே நேரத்தில் பட்பட்டென்று புடவையைத் தட்டிக்கொண்டார்கள். டீக்காரர் ஏதோ சொன்னார், ஆரணிக்காரி ஏதோ திருப்பிச் சொன்னாள். அவர்கள் படி ஏறி மறைந்த பிறகு நான் மெதுவாக இறங்கினேன். இடுப்பில் ஒரு வலி இல்லை. இரண்டு அடி நடந்தபோதுதான் பார்த்தேன், தூசியே இல்லாத என் புடவையை என் கை தட்டிக்கொண்டிருந்தது.